மாட்டுப் பொங்கல்: தொழுவம் கழுவுவதிலிருந்து மாலை அவிழ்ப்பது வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் தை இரண்டாம் நாள் உழவு மாடும் கறவை மாடும் கொண்டாடப்படும் நாள். கொம்புக்கு என்ன பூசுவது, எவ்வளவு பொங்கல் ஊட்டுவது, மூக்கணாங்கயிறு எப்படி மாற்றுவது என்று ஆண்டுதோறும் வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். நாள் மாட்டுக்குரியது என்பதால், மாட்டுக்கு எது நல்லது என்ற கணக்கில்தான் எல்லாப் பதிலும் இருக்கும்.

மாட்டுப் பொங்கல் சில ஆண்டு ஜனவரி 15, சில ஆண்டு 16 என்று வருகிறதே, ஏன்?

சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நேரத்தை வைத்துத் தை பிறக்கிறது. அந்த நேரம் பொழுது சாய்வதற்கு முன் அமைந்தால் அன்றே தை 1; சாய்ந்த பிறகு அமைந்தால் மறுநாள் தை 1. மாட்டுப் பொங்கல் தை 2. அதனால்தான் 2025இல் ஜனவரி 15, 2026இல் ஜனவரி 16. தமிழ்நாடு அரசு விடுமுறைப் பட்டியலில் இதே நாள் திருவள்ளுவர் நாள் என்ற பெயரில் இருக்கும். மறுநாள் உழவர் திருநாள். இலங்கைத் தமிழர் இதே நாளைப் பட்டிப் பொங்கல் என்பார்கள். கொங்கு நாட்டிலும் அந்தப் பெயர் உண்டு.

பூசை காலையிலா, மாலையிலா?

ஊர் வழக்கப்படி. குளிப்பாட்டலும் கொம்பு பூசுவதும் முற்பகலில் முடிந்து, வெயில் தாழ்ந்ததும் தொழுவத்தில் பொங்கல் வைப்பது பல மாவட்டங்களில் உள்ள பழக்கம். மாட்டுக்கும் அதுவே தோது. மார்கழி, தைக் குளிரில் விடியற்காலையில் நனைந்த மாடு வெகுநேரம் நடுங்கி நிற்கும்.

காலையில் பெண்கள் உடன்பிறந்தார் நலத்துக்காக மஞ்சள் இலையில் சோற்றுருண்டை வைக்கும் கணுப்பிடி தனிச் சடங்கு. அதை மாட்டுப் பூசையோடு சேர்க்க வேண்டியதில்லை.

காளைக்கும் எருதுக்கும் மட்டும்தானா?

இல்லை. பசு, எருமை, கன்று, ஆடு எல்லாவற்றுக்கும் உண்டு. ஏர், நுகத்தடி, மண்வெட்டி, அரிவாள், வண்டி ஆகியவற்றையும் கழுவிப் பொட்டு வைப்பார்கள். ஒன்றில் மட்டும் மாற்றமே கிடையாது. அன்று எந்த மாட்டின் கழுத்திலும் நுகத்தடி ஏறக் கூடாது. ஊர்வலத்துக்கு வண்டி பூட்ட வேண்டும் என்று யாராவது கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

குளிப்பாட்டுவதில் அப்படி என்ன நுட்பம் இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஆண்டு முழுக்கக் கண்ணில் படாமல் போன கோளாறு எல்லாம் கைக்குத் தட்டுப்படும் நேரம் அது.

வெயில் ஏறி ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்குங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மோட்டாரிலிருந்து வரும்போது வெதுவெதுப்பாக இருக்கும். தொட்டியில் இரவெல்லாம் கிடந்த தண்ணீரைவிட அது நல்லது. முதலில் கால், அப்புறம் தொடை, வயிறு, முதுகு, கடைசியில் கழுத்து. எடுத்தவுடன் தலையில் ஊற்றினால் மாடு மிரண்டு கயிற்றை இழுக்கும். காதுக்குள் தண்ணீர் போகாமல் ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தால் போதும். வைக்கோலைப் பந்துபோல் சுருட்டித் தேய்த்தால் அழுக்கு நன்றாகப் போகும். சீயக்காய்த் தூள் போடலாம். துணி துவைக்கும் சோப்புத் தூள் தோலை வறளச் செய்யும். நக்கினால் வயிற்றையும் கெடுக்கும்.

தேய்க்கும்போது காதின் உட்புறம், மடிக்கும் தொடைக்கும் இடையிலான மடிப்பு, வாலடி ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உழவு மாட்டுக்குத் திமிலுக்கு முன்னால், நுகத்தடி படும் இடத்தில் தோல் தடித்தோ புண்ணாகியோ இருக்கலாம். அந்தப் புண்ணில் சந்தனமோ குங்குமமோ வைக்காதீர்கள். மஞ்சள் தூளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவி, ஆறும்வரை அந்த மாட்டை ஏரில் பூட்டாமல் விடுங்கள். குளம்பின் நடுப் பிளவில் கல் சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஒரு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளைக் குளிப்பாட்டவே வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து வெயிலில் கட்டினால் சரி.

கொம்பைச் சீவலாமா?

நுனியில் உள்ள சொரசொரப்பை உப்புத்தாளால் தேய்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம். வெளியே தெரிவது நகம் போன்ற ஓடு. அதற்குள்ளே உயிருள்ள எலும்பும் இரத்தக் குழாயும் இருக்கின்றன. நுனிப் பகுதி மட்டும்தான் முழுக்க ஓடு. வயது வந்த மாட்டில் உள்ளெலும்பு பொள்ளலாகி நெற்றி எலும்பின் காற்றறையோடு சேர்ந்திருக்கும். அங்கே வெட்டுப்பட்டுச் சீழ் பிடித்தால் தலைக்குள்ளேயே போகும். "கொம்பு கூராக இருந்தால்தான் அழகு" என்று அரிவாளால் சீவுவது அந்த மாட்டுக்கு வலி, பக்கத்தில் கட்டிய மாட்டுக்கு ஆபத்து.

கொம்பைக் கையில் பிடிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஒரு கொம்பு ஆடுகிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா, அந்தப் பக்க மூக்கில் இரத்தமோ சீழோ வடிகிறதா, மாடு தலையை அடிக்கடி உதறுகிறதா? இவை கொம்புப் புற்றுநோயின் அறிகுறிகள். காயடித்த எருதுகளில்தான் இது அதிகம். பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப் போடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

என்ன வண்ணம் பூசுவது? எவ்வளவு வாங்குவது?

காவி, மஞ்சள், சுண்ணாம்பு ஆகியவற்றை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசுவது பழைய முறை. ஓரிரு வாரத்தில் மங்கிவிடும். அதில் எந்தக் குறையும் இல்லை. கடையில் விற்கும் எனாமல் பெயின்ட் பளபளக்கும், மாதக்கணக்கில் நிற்கும். அதைத்தான் பூசுவது என்றால் புது டப்பாவாக வாங்குங்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. பரணில் கிடக்கும் பழைய டப்பாவில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று சொல்ல முடியாது. மாடு ஒன்றையொன்று நக்கும், டப்பாவையும் நக்கும். ஈயம் உள்ளே போன மாடு பல்லைக் கடிக்கும், கண் தெரியாமல் சுவரில் முட்டும், வலிப்பு வந்து விழும்.

அளவு: நீளக் கொம்புள்ள காங்கேயம் சோடிக்கும் ஒரு பூச்சுக்கு 50 மில்லி டப்பா ஒன்று போதும். இரண்டு நிறம் என்றால் இரண்டு சிறு டப்பா. கொம்பு நன்றாகக் காய்ந்த பிறகு பூசுங்கள். ஈரத்தில் பூசினால் இரண்டே நாளில் செதில் செதிலாக உரியும். அடிக்கொம்பில் தோலைத் தொட்டாற்போல் இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள். அங்கே பெயின்ட் வழிந்தால் தோல் வெந்து, மாடு மரத்தில் உரசிப் புண்ணாக்கிக்கொள்ளும். பழைய பூச்சை எடுக்க டர்பன்டைனோ தின்னரோ பயன்படுத்த வேண்டாம். காய ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை பிற மாடுகளிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

எங்கள் கருத்து, காவியும் மஞ்சளுமே போதும் என்பதுதான்.

உடம்பில் வளையலை முக்கி வட்டம் போடுவதும் கைத்தடம் பதிப்பதும் அரிசி மாவு, மஞ்சள், குங்குமத்தோடு நிற்கட்டும். துணிச் சாயப் பொடி வேண்டாம்.

எங்கள் மாட்டுக்குக் கொம்பே இல்லை. என்ன செய்வது?

உம்பளச்சேரி எருதுகளுக்குக் கன்றிலேயே கொம்பைச் சுட்டுவிடும் வழக்கம் டெல்டாவில் உண்டு; மொட்டை மாடு என்றே அவற்றுக்குப் பெயர். கலப்பினப் பசுக்கள் பலவும் கொம்பு சுட்டவைதான். நெற்றிக்கு மஞ்சள் குங்குமம், கழுத்துக்கு மாலை, நெற்றிக்கயிறு, சலங்கை. இதில் எந்தக் குறையும் கிடையாது.

மூக்கணாங்கயிற்றை வலிக்காமல் மாற்றுவது எப்படி?

பொங்கலுக்கு எல்லாக் கயிறும் புதிது என்பது முறை: மூக்கணாங்கயிறு, கழுத்துக்கயிறு, பிடிகயிறு, தாம்புக்கயிறு. இவற்றில் மூக்கணாங்கயிறு மட்டுமே கவனமாகச் செய்ய வேண்டியது. பழையதை உருவிவிட்டுப் புதியதைக் குத்தித் தேடுவதுதான் பெரும் தவறு. மூக்கின் நடுச்சுவரில் இருக்கும் ஓட்டை ஈரச் சதை, ஒரு தடவை தவறினாலே இரத்தம் வரும்.

புதுப் பருத்திக் கயிற்றை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து, காலையில் வேப்பெண்ணெய் தடவுங்கள். பழைய கயிற்றின் முடிச்சை ஒரு பக்கம் அறுத்து, அதன் முனையையும் புதிய கயிற்றின் முனையையும் நேருக்கு நேர் வைத்து நூலால் தைத்து, மேலே நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சு ஓட்டையில் சிக்கும். இருவர் வேண்டும். ஒருவர் தலையை அணைத்துப் பிடிக்க, மற்றவர் பழையதை மெதுவாக இழுத்தால் புதியது பின்னாலேயே வந்துவிடும். பருமன் பழையதைப் போலவே இருக்கட்டும். தடித்தால் ஓட்டை கிழியும், மெலிந்தால் சதையை அறுக்கும். நைலான் கயிறு எந்தப் பருமனிலும் வேண்டாம். காதுக்குப் பின்னால் கட்டும்போது மூக்கில் ஒரு விரல் நுழையும் தளர்ச்சி இருக்க வேண்டும்.

மூக்கு குத்தாத காளைக்கன்றுக்கு இந்த நாளில் குத்த வேண்டாம். கூட்டமும் சத்தமும் உள்ள நாள் அது.

மாலைக்கு எந்தப் பூ ஆகும், எது ஆகாது?

அரளி கூடவே கூடாது. செவ்வரளி, வெள்ளரளி, பொன்னரளி மூன்றும் நஞ்சு. சில இலைகள் உள்ளே போனாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி மாடு சாகும். காய்ந்தாலும் நஞ்சு குறையாது. பூக்கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் போடுகிறார்கள். போட்ட மாடு தின்னாவிட்டாலும் பக்கத்து மாடு எட்டிக் கடிக்கும், குப்பைக்குழியில் எறிந்ததை மறுநாள் ஆடு மேயும். எருக்கம்பூவும் வேண்டாம்.

செவ்வந்தி, ஆவாரம்பூ, வேப்பிலை, மாவிலை, கண்ணுப்பிளை ஆகியவை சரி. டெல்டாப் பக்கம் வண்ண நெட்டிமாலை கட்டுவார்கள். இலேசாக இருக்கும், மாட்டுக்கு உறுத்தாது. வடை, கரும்புத் துண்டு, பழம் கோத்த மாலை போடும் ஊர்களும் உண்டு. எதைக் கோத்தாலும் வாழைநாரில் அல்லது பருத்தி நூலில் கோத்திருக்க வேண்டும். கட்டுக்கம்பி, குண்டூசி, ஸ்டேப்ளர் பின் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் போட வேண்டும். மாடு மென்று பிரித்துத் தின்பதில்லை, அப்படியே விழுங்கும். கம்பி இரண்டாம் இரைப்பையில் தங்கி, அது சுருங்கும்போதெல்லாம் முன்னால் குத்திக் குத்தி இதயத்தைச் சுற்றிய உறை வரை போகும். தீவனம் குறைந்து, முன்கால் முழங்கையை விரித்து நின்று, தாடைக்கடியிலும் நெஞ்சிலும் வீக்கம் வரும்போது காலம் கடந்திருக்கும். பலூன், ஜிகினாத் தாள், நெகிழித் தோரணம் இவற்றுக்கும் இதே தடை.

கொம்பு நுனியில் மாட்டும் பித்தளைக் குப்பியை அந்த நுனியின் அளவுக்குப் பார்த்து வாங்குங்கள், தட்டி இறக்காதீர்கள். சலங்கையும் மணியும் இரவில் கழற்றிவிட வேண்டும்.

தொழுவத்தில் பொங்கல் வைக்கும் முறை என்ன?

தொழுவத்தைக் கூட்டிச் சாணம் தெளித்துக் கோலம் போட்டு, கூரையிலிருந்தும் வைக்கோற்போரிலிருந்தும் பத்தடியாவது தள்ளி அடுப்பு மூட்டுங்கள். புது அரிசி என்றால் தண்ணீரைச் சற்றுக் குறையுங்கள். பழைய அரிசி அளவுக்கு அது தண்ணீர் இழுக்காது. படி அரிசிக்கு நான்கு படி தண்ணீரில் குழைய வேகும். மாட்டுக்கான பங்கை உப்பு, வெல்லம், நெய் சேர்ப்பதற்கு முன்பே எடுத்து ஆறவையுங்கள். சுடச்சுட இலையில் வைத்து மாட்டின் வாயை வேகவைப்பது ஒவ்வொரு ஆண்டும் எங்காவது நடக்கிறது.

கொங்குப் பகுதியில் பட்டிக்குள் சாணத்தால் சிறு தெப்பக்குளம் கட்டி, தண்ணீரும் பாலும் ஊற்றி, பூசை முடிந்ததும் மாட்டை அதில் மிதித்துக் கடக்கவிடுவார்கள். மற்ற இடங்களில் தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு, மாவிலைக் கொத்தால் தண்ணீர் தெளித்தபடி மாட்டை மும்முறை சுற்றி வருவார்கள். "பொங்கலோ பொங்கல், மாட்டுப் பொங்கல், பட்டி பெருக, பால் பானை பொங்க, நோவும் பிணியும் தெருவோடு போக" என்ற குரல் ஊருக்கு ஊர் சொல் மாறி ஒலிக்கும்.

வாசலில் வைக்கோலைக் கொளுத்தி மாட்டைத் தாண்டவிடும் வழக்கமும் உண்டு. சினை முதிர்ந்த பசுவையும் கன்றையும் அதில் விடாதீர்கள். உலக்கையைக் குறுக்கே போட்டுத் தாண்டவிடும் ஊர்களும் இருக்கின்றன. சடங்கு நிறைவேறும், மாடும் மிரளாது. கற்பூரத் தட்டை மூன்றடி தள்ளிக் காட்டுங்கள். வெடி வேண்டவே வேண்டாம்.

ஒரு மாட்டுக்கு எவ்வளவு பொங்கல் கொடுக்கலாம்?

இரண்டு கைப்பிடி. வீட்டார், உறவினர், அண்டை வீட்டார் எல்லாரும் சேர்ந்து ஊட்டுவதன் மொத்தம் இது. ஆளுக்கு ஒரு இலை என்று பத்துப் பேர் ஊட்டினால்தான் மாடு படுக்கிறது. கன்றுக்கு நாக்கில் தடவினால் போதும்.

காரணம் இதுதான். பெரிய மாட்டின் முதல் இரைப்பை நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும். அதற்குள்ளே நுண்ணுயிர்கள் நார்த்தீவனத்தை மெல்ல நொதிக்கவைத்துக் கொண்டிருக்கின்றன. வெந்த சோறும் வெல்லமும் திடீரென்று நிறைய விழுந்தால் நொதிப்பு தறிகெட்டு ஓடி, லாக்டிக் அமிலம் பெருகும். ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் இருக்க வேண்டிய பிஎச் (புளிப்பு ஏற ஏற இறங்கும் அளவு) ஐந்துக்கும் கீழே இறங்கும். நல்ல நுண்ணுயிர்கள் செத்து, உடம்பின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு, அமிலம் இரத்தத்திலும் ஏறும். பொங்கலையொட்டிக் கால்நடை மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எச்சரிப்பது இதைத்தான்.

அன்று காலை வழக்கமான வைக்கோலையும் பசும்புல்லையும் வயிறாரப் போட்டுவிட்டுப் பிறகு பொங்கல் ஊட்டுங்கள். பசித்த மாடு சோற்றின் மேல் பாயும். கரும்புத் தோகையை நறுக்கிக் கொடுக்கலாம். கரும்பை உருண்டைத் துண்டாகக் கொடுக்காமல் நீளவாக்கில் பிளந்து கொடுங்கள். உருண்டைத் துண்டும் முழுக் கிழங்கும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வாழைப்பழம் ஒன்றிரண்டு போதும். அரிசி மூட்டை, பொங்கல் பானை, தவிட்டுத் தொட்டி இருக்கும் அறைக் கதவைத் தாழிடுங்கள். கயிறு அவிழ்ந்த மாடு இரவில் அங்கேதான் போய் நிற்கும்.

அதிகமாகத் தின்றுவிட்டது. எப்படித் தெரியும்? என்ன செய்வது?

சில மணி நேரத்திலிருந்து மறுநாளுக்குள் அசைபோடுவது நின்றுவிடும். இடது விலா மேடாகத் தெரியும். சாணம் நீராக, புளித்த வாடையோடு போகும். கண் குழிந்து, நடை தள்ளாடி, பிறகு படுத்துவிடும். அசைபோடுவது நின்றதுமே சோறு, தவிடு, புண்ணாக்கு எல்லாவற்றையும் நிறுத்தி, காய்ந்த வைக்கோல் மட்டும் போட்டு, கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணில் அழையுங்கள். எத்தனை மணிக்கு, என்ன, எவ்வளவு தின்றது என்று சொன்னால் மருத்துவருக்குப் பெரும் உதவி. சமையல் சோடா கரைசல் கொடுக்கும் அளவை மாட்டின் எடையையும் நிலையையும் பார்த்து அவர் சொல்லட்டும். தலையை அண்ணாத்தி நாக்கை இழுத்துப் பிடித்து எண்ணெயோ கஷாயமோ ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் அமிலத்துக்குப் பிழைத்த மாடும் அதில் போய்விடும்.

ஊர்ப் பொது இடத்தில் எல்லா மாட்டையும் சேர்த்து நிறுத்தலாமா?

நோயில்லாத மாடு என்றால் தாராளமாக. வாயில் நுரை, காலில் புண், தோலில் கட்டி உள்ள மாட்டை வீட்டிலேயே வைத்துப் பூசை செய்யுங்கள். கோமாரி மூச்சாலும் எச்சிலாலும் பரவும், தோல் கழலை கடிக்கும் ஈயாலும் கொசுவாலும் பரவும். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பண்டிகைக்கு முந்தைய நாள் போட்டுப் பயனில்லை. எதிர்ப்பு ஆற்றல் வர இரண்டு வாரமாவது வேண்டும்.

ஜல்லிக்கட்டு இதில் ஒரு பகுதியா?

பக்கத்தில் நிற்கும் விழா. அவனியாபுரத்தில் தை 1, பாலமேட்டில் தை 2, அலங்காநல்லூரில் தை 3 என்பது வழக்கமான வரிசை. வட மாவட்டங்களில் எருது விடும் விழா. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பின் தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. தொழுவத்துப் பூசைக்கு இது எதுவும் தேவையில்லை.

கோயில்களில் என்ன நடக்கும்?

தஞ்சைப் பெரிய கோயிலில் பெரிய நந்திக்குக் காய், கனி, இனிப்புகளால் அலங்காரமும் கோபூசையும் நடக்கும். திருவண்ணாமலையிலும் நந்திக்கு அலங்காரம் உண்டு. அன்றுதான் அங்கே சிவனும் அம்மனும் ஊடிக்கொள்ளும் திருவூடல் விழா.

மகாராஷ்டிரத்து எருது விழாவான போளாவும் இதுவும் ஒன்றா?

நோக்கம் ஒன்று, காலம் வேறு. போளா ஆவணியை ஒட்டிவரும் அமாவாசையில், ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் வரும். முதல் நாள் மாலை எருதின் தோளுக்கு மஞ்சளும் நெய்யும் தேய்ப்பார்கள். உழைத்த இடத்துக்கே முதல் மரியாதை. அந்தத் தேய்ப்பை நம் பக்கமும் செய்யலாம், நல்ல பழக்கம். போளி ஊட்டுவார்கள் என்பதால் வயிற்றுக் கோளாறும் அங்கே இதே போலத்தான். கர்நாடகத்தில் காரஹுண்ணிமே, தெலங்கானாவில் ஏருவாகப் பௌர்ணமி. இரண்டும் உழவு தொடங்கும் ஆனி மாதப் பக்கம் வருபவை.

மாடு இல்லாத வீட்டில்?

டிராக்டரையும் கருவிகளையும் கழுவிப் பொட்டு வைக்கலாம். மாடு வைத்திருப்பவர் வீட்டுக்குப் போனால் சோற்றுக்குப் பதில் ஒரு கட்டுப் பசும்புல் கொண்டுபோங்கள்.

மறுநாள் என்ன கவனிக்க வேண்டும்?

முதல் வேலை, தொழுவத்திலும் வாசலிலும் கிடக்கும் மாலை, நூல், நெகிழிப் பை, எச்சில் இலை எல்லாவற்றையும் பொறுக்கிக் குழியில் போட்டு மண் தள்ளுவது. அடுத்து ஒவ்வொரு மாடும் அசைபோடுகிறதா, சாணம் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். புது மூக்கணாங்கயிறு ஈரம் காய்ந்து இறுகியிருக்கும், விரலை விட்டுப் பார்த்துத் தளர்த்துங்கள். கறவைப் பசு ஒருவேளை பாலைக் குறைத்தால் பயப்பட வேண்டாம். முந்தைய நாள் மிரட்சியில் அப்படி நடக்கும். இரண்டாம் நாளும் குறைந்தால் மடியையும் வயிற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.